வெள்ளம் என்று தேடினேன்

1

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, மீன் கழுவி அடுப்பில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு மெயில். நான் சேமித்து வைத்திருந்த தேடலுக்குப் புதிதாக ஒரு கட்டுரை கிடைத்திருக்கிறதாம்.

எந்தத் தேடல் என்று முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், என் மகள் ஷெரின் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, கல்வி ஆய்வுகளைத் தேடித் தருகிற ஒரு டேட்டாபேஸில் நான் போட்டுவைத்த தேடல் அது. இந்த விஷயத்தில் புதிதாக எதுவும் வந்தால் எனக்குச் சொல் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவைக்கலாம். போட்டேன். அதற்கப்புறம் மாதம் தவறாமல் 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள்கூட எனக்கு அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. கொஞ்ச காலத்தில் நான் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது வந்திருக்கிறது. வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அடுப்பில் இருந்த மீன் அடிப்பிடித்தது மட்டும் உண்மை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் முட்டம். அப்பா கடலுக்குப் போனவர். நான் பி.எட். முடித்து, பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருடம் பாடம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் அருமனைக்காரர். சுனாமி வந்த மறு வருடம் கனடாவுக்கு வந்தோம். ஷெரின் இங்கே பிறந்தவள். இவர் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார், நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாள். என் பி.எட்.டை இங்கே யாரும் படிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது வேறு கதை, அதை எழுத உட்கார்ந்தால் எனக்கு பிரஷர் ஏறும்.

2

ஷெரின் வீட்டில் வாய் மூடாமல் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வகுப்பு டீச்சர் நல்ல பெண்தான். அவர் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் வரவில்லையா, அல்லது மொழி என்கிற சங்கதியே வரவில்லையா என்று பார்க்க வேண்டும் என்றார். ஆங்கிலம் மட்டும் என்றால் கவலையில்லை, அதே வகுப்பில் இருந்து கற்றுக்கொள்வாள். தாய்மொழியிலும் குறை என்றால் தனி அறையில் நடக்கிற சிறப்பு வகுப்புக்கு மாற்றுவார்கள். அதோடு வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழி பேசச் சொல்வார்கள். அதனால் தமிழில் ஒரு பரிசோதனை வைப்போம் என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். தமிழில் கேட்டால் என் பிள்ளை சிங்கமாயிற்றே.

தமிழில் கேட்க வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பள்ளிக்கூடங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவர். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். முடித்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை வடிவாக் கதைக்கிறா. ஆனா சொல்லுகள்தான் மாறி மாறிப் போகுது. நீங்கள் கவலைப்படாதேங்கோ."

அறிக்கை வந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருக்கிற படத்தைக் காட்டியபோது குழந்தை 'வெள்ளப்பெருக்கு' என்று சொன்னாள். ஒரு பையன் சுவரிலிருந்து குதிக்கிற படத்துக்கு 'தாக்குகிறான்' என்றாள். அழுகிற கைக்குழந்தையைப் பார்த்து 'குழந்தை தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறது' என்றாள். பொருளுக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பில் கடுமையான குழப்பம்.

படித்துவிட்டு நான் சிரித்தேன். உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் பிள்ளை என்ன சொல்லியிருப்பாள் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெள்ளம். பையன் சாடுதான். பிள்ளை கரையுது. முட்டத்திலும் அருமனையிலும் எவரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். குடிக்கிறது வெள்ளம், குதிக்கிறது சாட்டம், அழுகிறது கரைச்சல். அப்பனும் அம்மையும் ஒரே மாவட்டத்துக்காரர்கள், தண்ணீர் என்ற சொல்லை அவள் எந்த வாயிலிருந்து கேட்டிருப்பாள்? பாதிக் கேரளம் வாயில் இருக்கிற தமிழ் எங்களுடையது என்று யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. அவர் தன் காதில் விழுந்ததை நேர்மையாகத்தான் எழுதினார். பிறகு நான் போன் பண்ணிச் சொன்னபோது அவர் அதிர்ந்துபோய், "ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே தங்கச்சி" என்றார். ஆனால் அறிக்கையில் கையெழுத்தாகிவிட்டது.

இவர் சிரிக்கவில்லை. இவர் எப்போதும் என்னைவிடச் சீக்கிரம் பயப்படுகிறவர்.

3

பூதப்பாண்டிப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்காட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு அது தண்ணி. பாடம் நடத்தித் தொண்டை வறண்டுபோய், கொஞ்சம் வெள்ளம் கொண்டுவா மக்கா என்று முன் பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பொங்கி ஓடுகிற வாய்க்காலைக் காட்டி, அவ்வளவும் வேணுமா டீச்சர் என்று கேட்டாள். பொடிச்சிக்கு வாய்க் கொழுப்பு. எனக்கு முகம் சிவந்துபோயிற்று.

மறுநாள் நான் கேட்காமலே என் மேசையில் செம்பு நிறைய இருந்தது. 'டீச்சருக்க வெள்ளம்' என்று சொல்லியே கொண்டுவந்து வைத்தார்கள். நானும் தண்ணி என்று சொல்லப் பழகினேன். யாரும் யாரையும் வேறு வகுப்புக்கு மாற்றவில்லை.

அறிக்கை வந்தபின் இங்கே பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டு வைத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். வகுப்பு டீச்சர், பள்ளித் தலைமை, பரிசோதனைக்குப் பொறுப்பான அதிகாரி மூவரும் கவனமாகக் கேட்டார்கள். சுவாரசியமான அனுபவம் என்றார்கள். இந்த நாட்டில் ஒன்றைச் சுவாரசியம் என்று சொல்லிவிட்டால் அதை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அது எனக்கு அப்போது தெரியாது. பிறகு பரிசோதனைக்காரர் சொன்னார்: நாங்கள் தனி ஒருவர் அனுபவத்தை வைத்து முடிவு செய்வதில்லை, ஆய்வுகளை வைத்துத்தான் செய்கிறோம். உங்கள் மொழியில் இப்படி ஊருக்கு ஊர் சொல் மாறுவது பரிசோதனையைப் பாதிக்கும் என்று வெளியான ஆய்வு எதுவும் இருந்தால் கொண்டுவாருங்கள், கோடை விடுமுறைக்கு முன்னால் மறுபரிசீலனை செய்கிறோம்.

நம்மூரில் ஒரு பிள்ளையின் அம்மை இப்படி ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், நாங்கள் டீச்சர்கள் எல்லாம் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். இங்கே அவர்களே கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நானும் படித்தவள்தானே, தேடினால் கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

4

நகர நூலகத்தில் கம்ப்யூட்டர் இலவசம். காப்பகத்தில் வேலை முடிந்ததும் ஷெரினைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். நான் தேடுவேன்.

முதல் நாள் ஆசையாக, ஆங்கில எழுத்தில், 'வெள்ளம்' என்றே அடித்தேன். நீங்கள் தேடுவது 'வெல்லம்' என்பதா என்று கேட்டது. வெல்லம் என்றால் நம்ம கருப்பட்டி, சர்க்கரை வகை என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கன்றுக்குட்டித் தோலில் செய்த தாளுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயராம். ஆமாம், அதுதான் இப்போது எனக்குக் குறை.

'தமிழ்' என்று போட்டேன். பக்கம் பக்கமாக வந்தது. அகதி முகாம், தோட்டத் தொழிலாளர், தமிழ்நாட்டில் கழிப்பறை இல்லாத பள்ளிகள். எல்லாம் படிக்க வேண்டியவைதான், ஆனால் என் பிள்ளை அதில் எங்கேயும் இல்லை. தமிழோடு பரிசோதனை, தண்ணீர், சொல் என்று சேர்த்துப் போட்டேன். பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பெரிதாக, பக்கத்தின் நடுவில் போட்டுக் காட்டுவார்கள்.

நூலகத்தில் இருந்த பெண் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொடுத்தாள். இந்த டேட்டாபேஸுக்கு என்று அனுமதித்த சொற்கள் இருக்கின்றனவாம். அந்தச் சொல்லில் கேட்டால்தான் உரிய கட்டுரைகள் வரும். சொற்களுக்குத் தனிப் பட்டியலே உண்டு. அதில் தாய்மொழி என்பதற்கு நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். 'இந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது, அதற்குப் பதில் இதைப் பயன்படுத்துக' என்று வேறொரு சொல்லைக் காட்டியது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தான் எதிர்பார்க்கிற சொல்லைச் சொன்னால்தான் இதுவும் மார்க் போடும். பிள்ளை தம்ளரைப் பார்த்து வெள்ளம் என்றாள், தப்பு. நான் தாய்மொழி என்றேன், தப்பு. நாங்கள் இரண்டுபேரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியவர்கள்.

சரி, அது கேட்கிற சொல்லிலேயே கேட்டேன். வட்டார வழக்கு என்றால் அமெரிக்க ஆங்கில வழக்குகளாக வந்து குவிந்தன. இருமொழிக் குழந்தைகள் என்றால் பாதிக்குமேல் ஸ்பானியக் குழந்தைகள். நெருங்கி வந்த ஒன்றிரண்டைத் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரியும், முழுக் கட்டுரைக்கும் பூட்டு. பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குத்தான் திறக்கும். பள்ளிக்கூடத்தில் அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டதும் மிச்சம் மீதி இருந்ததும் காணாமல் போகும். நாளுக்கு நாள் அந்தக் கட்டத்தை நான் சாத்தானைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன்.

உலகத்தில் எவனோ ஒருத்தன் இதை எழுதியிருப்பான் என்று நான் உறுதியாக நம்பினேன். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு சொல், இந்தப்பக்கம் ஒரு சொல் என்று இல்லாத மொழி உண்டா? கோட்டாறில் பேசுவதும் குளச்சலில் பேசுவதும் ஒன்றா? எழுதியிருப்பான், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்றே நினைத்தேன். கடைசி நாள்வரை தேடினேன். கடைசியில்தான் அந்த அறிவிப்புக் கட்டத்தில் டிக் போட்டது. வலையைப் போட்டுவிட்டுக் கரையில் காத்திருக்கிற மாதிரி.

ஷெரின் அன்றைக்கு என் முழங்கையைச் சுரண்டிக் கேட்டாள்: "அம்மா, நீ என்னத்த தேடுத? களஞ்சு போச்சா?"

தொலைந்துபோயிற்றா என்று கேட்கிறாள். ஒண்ணுமில்ல மக்கா என்றேன்.

5

வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனோம். அவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். சிறப்பு வகுப்புக்கு மாற்றுகிற தாளில் கையெழுத்துப் போடும் முன் நான் மறுபடி ஊர்ச்சொல் பற்றி ஆரம்பித்தேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் வழுக்கியது. என் மகள் தண்ணீர் குடிக்கிறாள் என்று சொல்ல வந்து, அவர்கள் பாஷையில், என் மகள் வெள்ளப்பெருக்கைக் குடிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கே இப்படியா என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இவர் மேசைக்கு அடியில் என் கையை அமுக்கினார். வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னார்:

"ஏட்டி, தமிழ வச்சுக்கிட்டு நாம என்ன செய்ய? பிள்ளைக்க படிப்பில்லா முக்கியம்."

ஆய்வு இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

வீட்டில் செய்ய வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் பொருளைக் கொடுங்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மீன்குழம்பு உறைத்து, ஷெரின் வெள்ளம், வெள்ளம் என்று கையை நீட்டினாள். இவர் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, வாட்டர், சே வாட்டர் என்றார். கம்பெனியில் பேசுகிற ஆங்கிலம், அதில் அன்பு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா எதுக்கு டீச்சரப் போல பறையுதாரு?"

உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுகக் கரைந்தாள். ஆமாம், கரைந்தாள் என்றுதான் எழுதுவேன். கடைசியில் வாட்டர் என்றாள். இவர் கொடுத்தார். பிறகு எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

6

நன்றாகப் படித்தாள். இரண்டு வருடத்தில் சிறப்பு வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டாள். பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நாங்களும் நன்றி சொன்னோம். இப்போது பதினோரு வயது. என் ஆங்கிலத்தைத் திருத்துகிறாள், கடையில் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசுகிறாள், என் சத்தம் வெளியே கேட்டால் அவளுக்கு வெட்கம். நான் மனசிலாச்சா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

போன வருடம் அவளே கேட்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தாள். தோழி ஒருத்தி போகிறாளாம், அதுதான் காரணம், தமிழ்மேல் காதலெல்லாம் இல்லை. அங்கே அச்சுத்தமிழ் சொல்லித்தருகிறார்கள். வீட்டுக்கு வந்து, வெளிநாட்டுக்காரி பேசுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக உதைத்து உதைத்துப் படிப்பாள். பாடப்புத்தகத்தில் இயற்கைச் சீற்றங்கள் என்று ஒரு பாடம். புயல், நிலநடுக்கம், வெள்ளம். கூரைமேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற படம். சொல்லுக்குப் பொருள் எழுதுகிற தேர்வில் முழு மார்க் வாங்கி, தங்க நட்சத்திரம் ஒட்டிய தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன்.

7

இப்போது அந்த மெயில். கட்டுரைக்குப் பூட்டு இல்லை, சரிபார்த்த கட்டுரைதான், கட்டத்தில் டிக் போட்டாலும் நிற்கிறது. எவரோ, எந்த நாட்டிலோ, வேறு மொழிக்காரர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதியது. நான் காப்பிக் கோப்பையும் கையுமாக அன்று அந்த மூன்றுபேர் முன்னால் தட்டுத்தடுமாறிச் சொன்னதைத்தான் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். தப்பென்று குறிக்கும் முன்னால் அந்த வீட்டில் அதற்கு என்ன சொல் என்று கேட்க வேண்டுமாம். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லக்கூடாதாம்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். இனி இத வச்சு என்ன செய்ய என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். யாரிடம் போய்க் கொடுப்பது? அந்த டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கொடுத்தால் எதைத் திருப்பித் தருவார்கள்? கோபம் வந்தாலும் ஆறுதலாக இருக்கும். கோபம்கூட வரவில்லை, நெஞ்சு காய்ந்துகிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து அப்பா வீடியோ காலில் வந்தார். ஞாயிறு தவறாமல் வருவார். முட்டத்து வீட்டின் முன்னறையில், போனை முகத்துக்கு மிகக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு. ஷெரினுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னேன். பிள்ளையக் காட்டு என்றார். அவளை இழுத்துவந்து நிறுத்தினேன். வழக்கமாக ஹலோ பாட்டா என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

"காச்சலுக்கு நெறைய வெள்ளம் குடிக்கணும் மக்கா. கேட்டியா? வெள்ளம்."

ஷெரினின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் பாட்டா சொன்னதில் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்று வந்திருக்கிறது. அடுத்த நிமிடமே முகம் மாறியது. சுனாமியில் கடல் ஏறிய வீடு அதுதான் என்று அவளுக்குத் தெரியும், சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். ஓடாமல் அங்கேயே நின்று, சனிக்கிழமைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"பாட்டா, அங்கே வெள்ளம் வந்ததா?"

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. பேத்தி தமிழில் கேட்கிறாள், அதுவும் ஊர் நிலவரம் கேட்கிறாள். குழாயில் குடிதண்ணீர் வராமல் கடற்கரையில் படுகிற பாட்டை அவர் வாராவாரம் எங்களிடம் புலம்புகிறவர். குரல் எழும்பிவிட்டது.

"எங்க மக்கா, வெள்ளம் வந்து ஒரு வாரமாச்சு. நாளைக்கு வரும்ணு சொல்லுதாவ. ராத்திரியே குடத்தத் தூக்கிட்டு நிக்கணும்."

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. போன வாரம் வெள்ளம் வந்திருக்கிறது, நாளைக்கு மறுபடியும் வருகிறதாம், பாட்டா ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறார், உடனே வெளியேறச் சொல் என்று ஆங்கிலத்தில் என்னிடம் கெஞ்சினாள்.

இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வரி சொன்னால் தீர்ந்துவிடும். நான் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் பேசியதும் தமிழ், ஒரே சொல். இதில் யாருக்கு எதை மொழிபெயர்ப்பது?

"பிள்ளை என்ன பறையுதா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. உங்களப் பத்திரமா இருக்கச் சொல்லுதா."

அப்பா சிரித்தார். போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார், திரையில் பல்லும் நரைத்த மீசையும் மட்டும்தான் தெரிந்தன.

"பிள்ளை நல்லாத் தமிழ் பறையுதாளே. நீதான் வெறுதே கெடந்து கரையுதியே."